மீத்தேனைக் கூட்டினால் வைரம் வருமா?

கேள்வி: செங்கோட்டை எனக்குச் சொந்த ஊர். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். சிலிக்கான் தகட்டில் வைரப் படலம் வளர்ப்பதுதான் புராஜெக்ட். மீத்தேனில்தானே கார்பன் இருக்கிறது என்று ஹைட்ரஜன் வாயுவில் அதை 6 சதவீதம் கலந்து விட்டேன், கரிதான் படிந்தது. 1 சதவீதமாகக் குறைத்தால் அங்கங்கே நாலு வைர மணி நிற்கிறது, படலமாகச் சேரவில்லை. எங்கே தப்பு?

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு தம்பி. இந்த முறையில் வைக்கும் குறைந்த அழுத்தத்தில், 800 டிகிரி சூட்டில், கார்பன் கிராஃபைட்டாகத்தான் (பென்சிலில் இருக்கும் கரி) மாறப் பார்க்கும். அதைத் தடுப்பது ஹைட்ரஜன். 2,000 டிகிரிக்கு மேல் காயும் டங்ஸ்டன் இழையில் பட்டு ஹைட்ரஜன் மூலக்கூறு தனித்தனி அணுவாகப் பிரிகிறது, அந்த அணுக்கள் வைரத்தை அவ்வளவாகத் தொடாமல் கிராஃபைட்டை மட்டும் மளமளவென்று அரித்து எடுத்துவிடும், நெல்லை விட்டுக் களையைப் பறிக்கிற மாதிரி. மீத்தேன் 6 சதவீதம் போனால் களை முளைக்கிற வேகத்துக்குப் பறிப்பு ஈடுகொடுக்காது. 1950களில் அமெரிக்காவில் எவர்சோல் என்ற ஆய்வாளர் இதே கரியோடுதான் மல்லுக்கட்டினார். வளர்ப்பதை அடிக்கடி நிறுத்தி, ஹைட்ரஜன் விட்டுக் கரியைப் போக்கி, மறுபடி வளர்த்தார். ஜப்பானில் மட்சுமோட்டோ குழு 1982இல் சூடான இழையைக் கொண்டுவந்தபோது வளர்ப்பும் பறிப்பும் ஒன்றாக நடந்தன. அதனால் 1 சதவீதத்திலேயே நில்லுங்கள்.

அப்புறம் அந்த நாலு வைர மணி. சிலிக்கானின் படிக அலகின் நீளம் 5.43 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு ஆங்ஸ்ட்ராம்), வைரத்துக்கு 3.57, இரண்டும் பொருந்தாது. மெருகேற்றிய தகட்டில் வைரத்துக்குக் காலூன்ற இடமே கிடையாது. உறைமோர் விடாமல் பாலை எத்தனை மணி நேரம் வைத்தாலும் தயிராகாதே, அதேதான். நானோ வைரத் தூளை ஆல்கஹாலில் கலக்கி, அல்ட்ராசோனிக் தொட்டியில் தகட்டை அதில் அரை மணி நேரம் முக்கிவைத்து, அலசி உலர்த்தி வளர்ப்புக் கலத்துக்குள் வையுங்கள். சதுர சென்டிமீட்டருக்குச் சில ஆயிரமாக இருந்த மணிகள், விதைப்பு நன்றாக அமைந்தால் ஆயிரம் கோடி வரை போகும். ஒரு மணி நேரத்துக்கு 1 மைக்ரான் வளர்ந்தாலே நல்ல வேகம், அவசரப்படாதீர்கள். முடிந்ததும் மெதுவாக ஆறவிடுங்கள், ஆறும்போது சிலிக்கான் வைரத்தைவிட அதிகம் சுருங்கும், சட்டென்று ஆறினால் படலம் உரிந்து வந்துவிடும். சாம்பல் நிறமாக இருக்கிறதே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! ராமன் நிறமாலையில் (லேசர் ஒளி பட்டுச் சிதறுவதை அளப்பது) 1332 cm⁻¹ இடத்தில் கூர்மையாக ஒரு முகடு தெரிந்தால் அது வைரம்தான்.

கேள்வி: பாலக்காட்டு நகைக்கடையில் ஆய்வக வைரத் தோடு பார்த்தேன். போலியா? (வாசகி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: அசல் வைரம்தான் அம்மா. மேலே தம்பி விடுகிற அதே இரண்டு வாயுக்களில் வளர்ப்பவையும் அதில் உண்டு. சிலிக்கானுக்குப் பதில் வைரச் சில்லின் மேலேயே வளர்ப்பதால் மணி மணியாகப் பிரியாமல் ஒரே படிகமாக, தெளிவாக வருகிறது. ஆனால் சுரங்க வைரத்தின் விலையைக் கொடுத்துவிடாதீர்கள், திரும்ப விற்கப் போனால் கிடைப்பதும் குறைவு. பில்லில் ‘ஆய்வகத்தில் வளர்த்தது’ என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.