அதே பதினைந்து பேர் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

கூடைப்பந்து பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதால் இதைக் கேட்கிறேன். 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் ஆடும் டென்வர் நகெட்ஸ் அணி தன் தலைமைப் பயிற்சியாளர் மைக்கேல் மலோனை வேலையை விட்டு அனுப்பியபோது சீசனில் மூன்றே ஆட்டங்கள் பாக்கி. இரண்டு வருடத்துக்கு முன்தான் அந்த அணிக்கு முதல் கோப்பையை வாங்கிக்கொடுத்தவர் அவர். அனுப்பும்போது வரிசையாக நான்கு தோல்வி. டேவிட் அடல்மன் வந்தார், பாக்கி மூன்றிலும் ஜெயித்தார்கள். ஆட்கள் அதே பதினைந்து பேர்தான். ஒருவர் இரண்டு மூன்று நாளில் என்ன சொல்லிக்கொடுத்துவிட முடியும்? அப்படியானால் பழையவருக்காக வீரர்கள் வேண்டுமென்றே ஒழுங்காக ஆடாமல் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? என் நண்பன், "கோச்செல்லாம் சும்மா அலங்காரம், யோகிச் மாதிரி ஒரு நட்சத்திர வீரன் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம்" என்கிறான். எனக்கு அது ஒப்பவில்லை. பதில் சொல்லவும் வரவில்லை.

கே.ஆர்.

*

அன்புள்ள கே.ஆர்.,

உங்கள் நண்பருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். நீங்கள் சொல்லும் அந்த நான்கு தோல்வியில் முதலாவது மினசோட்டாவுடன். அன்றைக்கு யோகிச் 61 புள்ளி, 10 ரீபவுண்ட் (தவறிய எறிதலைப் பிடிப்பது), 10 அசிஸ்ட் (கூடை விழ வழிசெய்யும் பாஸ்). இரண்டு முறை கூடுதல் நேரம் போய், ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். ஒருவன் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த மூன்று வெற்றியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். கோச்சை எந்த நாளில் அனுப்புகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அணி அடிமட்டத்தில் கிடக்கும் நாளில். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் அன்று டாக்டரை மாற்றினால், மறுநாள் தானாக இறங்கும் காய்ச்சலுக்கும் புது டாக்டர்தான் பெயர் வாங்கிக்கொள்வார். 2021 மார்ச்சில் அட்லாண்டா ஹாக்ஸ் 14 வெற்றி 20 தோல்வியில் நின்றபோது லாயிட் பியர்ஸை அனுப்பிவிட்டு நேட் மெக்மில்லனை உட்கார வைத்தார்கள். அப்புறம் 27 வெற்றி, 11 தோல்வி, லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான கிழக்குப் பிரிவின் இறுதி வரை போனார்கள். மெக்மில்லனுக்குப் பாராட்டு குவிந்தது, தப்பில்லை. ஆனால் முழங்கால் அடிபட்டு உட்கார்ந்திருந்த போக்டன் போக்டனோவிச் திரும்பி வந்ததும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒரு தராசும் கிடையாது.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 2016 ஜனவரியில் கிளீவ்லேண்ட் அணி 30 வெற்றி 11 தோல்வியோடு கிழக்கில் முதலிடத்தில் இருந்தது. அந்த நிலையில் டேவிட் பிளாட்டை அனுப்பினார்கள். பொறுப்பேற்ற டைரன் லூ முதல் ஆட்டத்திலேயே சிகாகோவிடம் தோற்றார். அன்று ரசிகர்கள் என்னென்ன பேசியிருப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. இன்னும் வேகமாக ஓடி ஆடவேண்டும் என்பது லூவின் ஆசை. ஆட வைத்துப் பார்த்தால் பையன்களுக்கு அந்த வேகத்துக்கு மூச்சே போதவில்லை. அதே அணிதான் ஜூனில் நடந்த இறுதித் தொடரில், அந்த சீசனில் 73 ஆட்டம் ஜெயித்து வந்த கோல்டன் ஸ்டேட்டை 1–3 என்று பின்தங்கிய நிலையிலிருந்து வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. முதல் வாரத்தைப் பார்த்து எதையும் எடைபோட முடியாது என்பதற்காகத்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சொல்கிறேன்.

சரி, அப்படியானால் கோச் மாறினால் என்னதான் மாறுகிறது?

நிமிடங்கள். ஒரு ஆட்டம் 48 நிமிடம், களத்தில் ஐந்து பேர், மொத்தம் 240 நிமிடம். தொழில்முறை அணியில் பயிற்சியாளரின் கையில் உண்மையிலேயே இருக்கிற சொத்து இது ஒன்றுதான். சம்பளத்தை அவர் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆளை வாங்குவதும் விற்பதும் பொது மேலாளரின் வேலை. யார் எத்தனை நிமிடம், யாரோடு சேர்ந்து, எந்தக் கட்டத்தில் என்பது மட்டும் அவருடையது. கோச் மாறிய மறுநாளே மாறக்கூடியதும் அதுதான். நீங்கள் "அதே பதினைந்து பேர்" என்கிறீர்கள். பெயர்ப்பட்டியலில் அப்படித்தான் இருக்கும். களத்தில் இறங்கும் எட்டு ஒன்பது பேரும், அவர்கள் ஜோடி சேரும் விதமும் மாறிவிட்டால் அது வேறு அணி.

இதில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருபவர் ஆண்ட்ரே இகோடாலா. 2014 மே மாதம் கோல்டன் ஸ்டேட் அணி மார்க் ஜாக்சனை அனுப்பியது. 51 ஆட்டம் ஜெயித்தவர். அதுவரை எங்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்திராத ஸ்டீவ் கெர் அந்த இடத்துக்கு வந்தார். வந்தவர் இகோடாலாவை பெஞ்சிலிருந்து இறங்கச் சொன்னார். இகோடாலா அதுவரை 758 ஆட்டம் ஆடியிருந்தார், அத்தனையிலும் தொடக்க ஐவரில் ஒருவர். ஆல்ஸ்டார், ஒலிம்பிக் தங்கம். அவர் இடத்தில் இறங்கப்போவது ஹாரிசன் பார்ன்ஸ் என்ற 22 வயதுப் பையன்.

பெஞ்சிலிருந்து இறங்குவது என்றால் என்ன என்று பார்க்கிற நமக்குத் தெரிவதில்லை. விளக்கை அணைத்துப் பெயர் கூப்பிடும்போது உங்கள் பெயர் இருக்காது. மற்றவர்களோடு சேர்ந்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டு, ஆட்டம் தொடங்கியதும் மேல்சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டு உட்காரவேண்டும். ஆறேழு நிமிடத்தில் உடம்பு ஆறிவிடும். அப்போது கூப்பிடுவார்கள். வேகத்தை மற்றவர்கள் ஏற்கெனவே பிடித்துவிட்டிருப்பார்கள், ஓடுகிற பேருந்தில் தாவி ஏறுவதுபோல நீங்கள் ஏறிக்கொள்ளவேண்டும். இதை வருடம் முழுக்க, 82 ஆட்டத்துக்கு. இகோடாலா ஒப்புக்கொண்டார். மனசுக்குள் என்ன இருந்ததோ, வெளியே சண்டை இல்லை. அவரே உட்கார்ந்தபிறகு அந்த அணியில் வேறு யார் போய் எனக்கு நிமிடம் குறைகிறது என்று முறையிடமுடியும்?

கெர் இன்னொன்றும் செய்தார். அதற்கு முந்தைய வருடம் பாஸ் கொடுப்பதில் 30 அணிகளில் கோல்டன் ஸ்டேட்தான் கடைசி. ஸ்டெஃபன் கரி மாதிரி ஒரு நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு! ஒரு ஆட்டத்துக்கு 300 பாஸ் என்று இலக்கு வைத்தார். அந்த சீசனில் 67 வெற்றி, கோப்பை.

ஆனால் இந்தக் கதையை இப்படியே சொல்லி முடித்தால் அது ஜாக்சனுக்குச் செய்யும் அநியாயம். தடுப்பாட்டத்தில் அந்த அணியை லீகின் முதல் ஐந்துக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவர் அவர். கெர் அதைத் தொடவில்லை, தொடாமல் விட்டதே அவர் கெட்டிக்காரத்தனம். டிரேமண்ட் கிரீன் தொடக்க ஐவரில் வந்தது திட்டமே இல்லை, டேவிட் லீக்குத் தொடையில் தசை பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். அப்புறம் 2015 இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தில் இகோடாலாவைத் தொடக்கத்திலேயே இறக்கினார்கள். கூடைக்குப் பக்கத்தில் ஆடும் நெட்டையான சென்டரை உட்கார வைத்துவிட்டு இவரை இறக்கலாம் என்று யோசனை சொன்னது நிக் யூரென் என்ற ஓர் உதவியாளர். தொடரின் சிறந்த வீரர் விருது இகோடாலாவுக்குப் போனது.

நிமிடம் உடனே மாறும். பழக்கம் மாறாது. இரண்டு மூன்று நாளில் என்ன சொல்லிக்கொடுக்கமுடியும் என்று கேட்டீர்களே, ஒன்றும் முடியாது. அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிக்குள் 82 ஆட்டம். ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆட்டம், நடுவில் விமானம். முழுசாகப் பயிற்சி செய்ய நாளே கிடைக்காது. அதனால் நடு சீசனில் வருபவர் புதிய முறை எதையும் நட்டு வளர்க்கமுடியாது. இருப்பதில் நாலைந்தைக் களையலாம், ஆளை மாற்றிப் போடலாம், டைம்அவுட் முடிந்து வரும் ஆட்டங்களைச் சீராக்கலாம்.

பழக்கம் என்றால் காலடி. பிக் அண்ட் ரோலைத் தடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணி உயரக்காரன் வந்து நம் ஆளுக்குக் குறுக்கே தூண்போல நிற்கிறான், பந்து வைத்திருப்பவன் அவனைச் சுற்றிக்கொண்டு வருகிறான். நம் உயரக்காரன் என்ன செய்யவேண்டும்? பின்வாங்கிக் கூடைக்குப் பக்கத்தில் நிற்பது ஒரு முறை, டிராப் என்பார்கள். நடு தூரத்திலிருந்து எறிகிறாயா, எறிந்துகொள், கூடைக்கு மட்டும் வராதே என்று அர்த்தம். இரண்டடி முன்னே ஏறிப் பந்துக்காரனை மடக்குவது இன்னொரு முறை. ஏறினால் நம் உயரக்காரனின் முதுகுக்குப் பின்னால் இடம் காலி. அதை மூட எதிர்ப்பக்கத்து ஆள் உள்ளே வரவேண்டும், அவன் விட்டுவந்த ஆளை மூலையில் நிற்பவன் பார்த்துக்கொள்ளவேண்டும். ஒருவன் எடுத்துவைக்கும் இரண்டடிக்கு மற்ற மூன்று நான்கு பேரும் நகரவேண்டும், யோசிக்காமல் நகரவேண்டும். யோசித்தால் அரை விநாடி போச்சு, கூடை விழுந்துவிடும்.

மில்வாக்கியில் இது நடந்தது. மைக் புடன்ஹோல்சரிடம் ஐந்து வருடம் ப்ரூக் லோபஸ் டிராப்பில் நின்று பழகியவர். ஏழடி உயரம், சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதுக்கு 2023இல் இரண்டாம் இடம். அந்த வருடம் 58 ஆட்டம் ஜெயித்த அணி பிளேஆஃபின் (சீசனுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) முதல் சுற்றில் மயாமியிடம் 1–4 என்று தோற்றது, புடன்ஹோல்சர் வேலை போனது. தலைமைப் பொறுப்புக்குப் புதியவரான ஏட்ரியன் கிரிஃபின் வந்தார். 35 வயதில் லோபஸை முன்னே ஏறி மடக்கச் சொன்னார். கொஞ்ச நாள்தான். அவரைப் பின்னாலேயே நிற்க விடுங்கள் என்று வீரர்களே போய்க் கேட்டு, பழைய முறைக்குத் திரும்பினார்கள். இதைப் படித்தபோது எனக்கு கிரிஃபின்மேல் பாவமாக இருந்தது. தான் சொல்ல வந்ததை முதல் மாதமே திரும்ப வாங்கிக்கொண்ட கோச், அடுத்து எதைச் சொன்னாலும் எடுபடுமா? 30 வெற்றி 13 தோல்வியில் இருக்கும்போதே ஜனவரியில் அனுப்பிவிட்டார்கள். டாக் ரிவர்ஸ் வந்தார்: 17 வெற்றி, 19 தோல்வி. பிளேஆஃபில் அணியின் நட்சத்திரமான யானிஸ் காயத்தால் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, முதல் சுற்றோடு சரி. ஆக, மாற்றினால் ஏறும் என்று ஒரு சட்டமும் இல்லை.

பின்னே ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? பதினைந்து பேரை மாற்றமுடியாது, ஒருவரை மாற்றலாம். வீரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, கோச்சின் சம்பளம் அதில் சேராது. முதலாளி பணத்தைக் கொட்டத் தயார் என்றால் கேட்பாரில்லை. டெட்ராய்ட் 2023இல் மான்டி வில்லியம்ஸை ஆறு வருடத்துக்கு 7.85 கோடி டாலருக்கு எடுத்தது. முதல் சீசன் 14 வெற்றி, 68 தோல்வி, நடுவே தொடர்ந்து 28 தோல்வி. ஒரே வருடத்தில் அனுப்பிவிட்டார்கள். ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் வந்த அடுத்த சீசனில் 44 வெற்றி. கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கோடையில்தான் டோபியாஸ் ஹாரிஸ், மலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர் என்று தொலைவிலிருந்து கூடைக்கு எறியத் தெரிந்த ஆட்களையும் அணியின் நட்சத்திரம் கேட் கன்னிங்ஹாமைச் சுற்றிக் கொண்டுவந்து போட்டார்கள். வில்லியம்ஸுக்கு அந்த மூவர் கிடைத்திருந்தால்? யாரும் கேட்பதில்லை.

வேண்டுமென்றே ஆடாமல் இருந்தார்களா என்ற உங்கள் சந்தேகத்துக்கு, பழைய கதை ஒன்று. 1981 நவம்பரில் லேக்கர்ஸ் அணியின் மேஜிக் ஜான்சன், இந்தக் கோச்சின் கீழ் ஆடமாட்டேன், என்னை வேறு அணிக்கு அனுப்பிவிடுங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். மறுநாளே பால் வெஸ்ட்ஹெட்டின் வேலை போனது. சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் மேஜிக்கைக் கூச்சல் போட்டு அவமானப்படுத்தினார்கள். இதில் கவனிக்கவேண்டியது, அப்போது லேக்கர்ஸ் வரிசையாக ஐந்து ஆட்டம் ஜெயித்துக்கொண்டிருந்தது. கோச்சைப் பிடிக்காமல்தான் அந்த ஐந்தையும் ஜெயித்தார்கள். பிடிக்காத மேனேஜருக்குக் கீழே நாம் வேலை பார்ப்பதில்லையா, அந்த மாதிரி. வெஸ்ட்ஹெட்டின் உதவியாளராக இருந்த பாட் ரைலி வந்தார், அடுத்த ஜூனில் கோப்பை.

வீரர்கள் ஏமாற்றுவதில்லை, காது மரத்துப்போகிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். மலோன் டென்வரில் பத்து சீசன் இருந்தார். அதே குரல், அதே திட்டு, அதே உதாரணம். அவருக்கும் பொது மேலாளர் கால்வின் பூத்துக்கும் ஒத்துப்போகாததும் ஊரறிந்த விஷயம். இருவரையும் ஒரே நாளில் அனுப்பினார்கள். அடல்மன் வெளியிலிருந்து வந்தவர் இல்லை, 2017 முதல் மலோனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். யோகிச்சுக்கு அவர் புதிதாக எதையும் சொல்லியிருக்கமாட்டார். மலோன் சொல்லிக்கொடுத்ததையே வேறு குரலில் சொல்லியிருப்பார்.

உதவிப் பயிற்சியாளர் தலைவராகும்போது வேறொரு சங்கடமும் இருக்கிறது. நேற்றுவரை கோச்மேல் இருந்த மனக்குறையை வீரர்கள் இவரிடம்தான் கொட்டியிருப்பார்கள். சேர்ந்து பந்து எறிந்து, சிரித்து, தோளில் தட்டிய ஆள். இன்று அவரே ஒருவனின் நிமிடத்தைக் குறைக்கவேண்டும். அந்த ஒன்பதாவது, பத்தாவது ஆளின் முகத்தை கேமரா காட்டாது.

டென்வர் அந்த மூன்று வெற்றிக்குப் பிறகு கிளிப்பர்ஸை ஏழாவது ஆட்டத்தில் வென்று, அந்த வருடம் கோப்பை வாங்கிய ஓக்லஹோமா சிட்டியிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. மே மாதம் அடல்மனுக்கு வேலை நிரந்தரமானது. அடுத்த முறை எங்காவது கோச் மாறினால் ஸ்கோரைப் பார்க்காதீர்கள். முதல் குவார்ட்டரில் ஆறேழு நிமிடம் போனதும் பெஞ்சிலிருந்து எழுந்து முதலில் மேல்சட்டையைக் கழற்றுவது யார், பழைய கோச் இருந்தபோது அந்த நேரத்துக்கு எழுந்தவர் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.