நெரிசலில் மட்டும் ஸ்போர்ட்ஸ் கார் சூடேறுவது ஏன்?

வெள்ளவத்தையில் காலி வீதியில் ஊர்ந்து செல்லும்போது மட்டும் வெப்பமுள் ஏறுகிறது, வேகமெடுத்ததும் இறங்கிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடும்போது முன்புறமாகப் புகும் காற்றே ரேடியேற்றரைக் குளிர்விக்கிறது. நெரிசலில் அந்த வேலை முழுவதும் மின்விசிறியின் மேல் விழுவதால், முதலில் விசிறியையும் அதற்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயையும்தான் சந்தேகிக்க வேண்டும். ஏசியைப் போட்டால் பெரும்பாலான கார்களில் விசிறி சுழலும். காது கொடுத்துக் கேளுங்கள். அடுத்து, கண்டென்சருக்கும் (ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் பகுதி) ரேடியேற்றருக்கும் இடையில் டோர்ச் அடித்துப் பாருங்கள். தாழ்ந்த முகப்பு வழியே உள்ளே போன சருகும் தூசியும் கம்பளிபோல் அங்கே படிந்திருக்கக்கூடும்.

ரேடியேற்றருக்கு வெறும் தண்ணீர் ஊற்றுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்: பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் கொதிநிலை 100 பாகையைத் தாண்டுவதோடு அலுமினியம் அரிக்கப்படுவதும் குறையும். முள் சிவப்பை நெருங்கினால் ஏசியை அணைத்து, ஹீற்றரை முழுமையாகத் திறந்து, ஓரமாக நிறுத்துங்கள். சூடாக இருக்கையில் ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே வேண்டாம், கொதிநீர் முகத்தில் பீறிடும்.