வீடிழந்த பெண்ணுக்குக் காப்பகம் என்ன செய்கிறது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பெண்கள் காப்பகத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளிவந்திருந்தது. குடும்பத்தாலோ தோட்ட வேலை போனதாலோ இருப்பிடம் இழந்த பெண்கள், பிள்ளைகளுடன் சில மாதங்கள் தங்கித் தங்களை நிலைப்படுத்திக்கொள்ள, ஊர்மக்கள் கூடி ஒரு வாடகை வீட்டில் நடத்திவரும் இடம் அது என்பதே அந்தக் குறிப்பின் சாரம். அதைப் படித்த வாசகர்கள் கேட்டவற்றுள் சிலவற்றுக்கு, காப்பகத்தின் நிர்வாகக் குழுவில் இருப்பவள் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: வீடற்றவர்கள் என்போர் கோலாலம்பூர் கடைவீதிகளின் ஐந்தடி நடைபாதையில் படுத்திருப்பவர்கள் அல்லவா? எங்கள் தோட்டப்புறத்தில் ஒரு பெண்கூடத் தெருவில் தூங்கி நான் பார்த்ததில்லை. சிறிய பட்டணத்துக்குக் காப்பகம் எதற்கு? – வாசகர், கோலகங்சார்

பதில்: நீங்கள் பார்த்திருக்க முடியாது, ஐயா. வீட்டை விட்டு வெளியேறும் பெண், குறிப்பாகக் கையில் குழந்தையோடு வருபவள், கண்ணில் படும் இடத்தில் படுப்பதில்லை. முதலில் அக்காள் வீட்டுக்குப் போகிறாள். அங்கே மைத்துனர் முகம் சுளித்ததும் ஒன்றுவிட்ட சித்தி வீட்டுச் சமையலறைக்குப் போகிறாள். பிறகு கோயில் மண்டபத்திலோ, மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் நோயாளியின் உறவினர்போல அமர்ந்தோ இரவைக் கழிக்கிறாள். மூன்று வாரத்துக்கு ஒரு கூரை என்று மாறிக்கொண்டிருப்பவளுக்கும் வீடு இல்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தோட்டப் பட்டணங்களில் இந்த நிலை ஏற்படுவதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு காரணம் உண்டு. தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்து வீடு என்றைக்கும் தொழிலாளிக்குச் சொந்தமாக இருந்ததில்லை. அது வேலையோடு சேர்ந்து வந்தது, வேலையோடு போயிற்று. சென்ற நூற்றாண்டின் ஐம்பது, அறுபதுகளில் பெரிய தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே நேரத்தில் வேலையையும் கூரையையும் இழந்தன. அதைத் தடுக்கத்தான் இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த, அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் இரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது; பெண்கள் நம்பியிருந்த பால்மரம் வெட்டும் வேலை, அதாவது இரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை, குறைந்தது. தொழிலாளர் வீடுகளின் தரத்தைக் காக்க 1990-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் வீடு எப்படி இருக்க வேண்டும் என்றுதான் அது சொல்கிறதே தவிர, அந்த வீட்டைத் தொழிலாளிக்கு உரிமையாக்கவில்லை.

இந்த ஏற்பாட்டில் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். வேலை கணவர் பெயரில் இருந்தால் வீடும் அவர் பெயரில் இருக்கிறது. அவர் இறந்தாலும், வேறொருத்தியோடு போனாலும், குடித்துவிட்டு வேலையை விட்டு நீக்கப்பட்டாலும், வீட்டைக் காலி செய்ய வேண்டியவள் அவள்தான். தாமான் எனும் புதிய வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிலும் வீட்டுக் கடன், மின்சாரக் கட்டணம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் பெரும்பாலும் ஆண்களின் பெயரிலேயே இருக்கின்றன. இருபது ஆண்டு பெருக்கித் துடைத்த வீட்டில் தன் பெயர் எழுதிய ஒரு தாளாவது இருக்கிறதா என்று கேட்டால் பலருக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. எங்கள் வேலை முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

கேள்வி: ஒரு பெண் உங்களிடம் வந்த நாள் முதல் என்னதான் செய்கிறீர்கள்? சோறும் படுக்கையும் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறதா? – வாசகி, சிம்மோர்

பதில்: முதல் சில நாள்கள் உண்மையில் சோறும் படுக்கையும்தான், சகோதரி. அதை நாங்கள் சிறிதாக எண்ணுவதில்லை. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது, இரவில் யாரும் எழுப்ப மாட்டார்கள் என்று அறிந்த பிறகே பல பெண்கள் முழுத்தூக்கம் தூங்குகிறார்கள். அந்த நாள்களில் அவர்களை உட்காரவைத்துக் கதை கேட்பதில்லை என்பது எங்கள் கண்டிப்பான வழக்கம். காயம் இருந்தால் மட்டும் காத்திருக்காமல் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்கிறோம். அடிபட்ட பெண்ணுக்கு மருத்துவர், போலீஸ், சமூகநல அதிகாரி ஆகியோரின் உதவியை ஒரே இடத்தில் கிடைக்கச் செய்யும் ஏற்பாடு 1994-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கப்பட்டு, பின்னர் மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் விரிவடைந்தது. அங்கே எழுதப்படும் மருத்துவ அறிக்கை பின்னால் வழக்கு நடக்கும்போது அவள் பக்கம் நின்று பேசும்.

அடுத்தது பத்திரங்கள். காப்பகத்துக்கு வருகிறவர்களில் பலரிடம் அடையாள அட்டை இருக்காது. அவள் ஓடிவிடக் கூடாது என்பதற்காகவே அதைக் கணவர் பூட்டி வைத்திருப்பார், அல்லது ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரரிடம் அடகாகக் கிடக்கும். அடையாள அட்டை இல்லாதவளால் வங்கிக் கணக்குத் திறக்க முடியாது, வேலைக்கு முறையாகச் சேர முடியாது, சமூகநல இலாகாவில் மனு கொடுக்க முடியாது. ஆகவே போலீஸ் புகார், பிறகு தேசியப் பதிவு இலாகா என்று ஒவ்வொரு வரிசையிலும் எங்களில் ஒருவர் கூட நிற்கிறோம். அவளுக்காக நாங்கள் பேசுவதில்லை. மலாய் மொழியில் எப்படிச் சொல்வது என்று முந்தின இரவு சொல்லிப் பார்த்துவிட்டு, முகப்பில் அவளே பேசுகிறாள். நேரம் கூடுதலாகத்தான் ஆகிறது. ஆனால் காப்பகத்தை விட்டுப் போன பிறகும் இதே முகப்புகளுக்கு அவள் தனியாகப் போக வேண்டியிருக்குமே!

மூன்றாவது, பிள்ளைகள். அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்கு மாற்றம் வாங்கும்போது முகவரி வெளியே தெரியாதபடி பார்த்துக்கொள்ளுமாறு தலைமையாசிரியரிடம் முன்னதாகவே பேசிவிடுகிறோம். பிள்ளை பள்ளிச் சீருடையோடு காலையில் புறப்பட்டுப் போய் மதியம் திரும்பி வரத் தொடங்கியதும் தாயின் மனமும் ஓர் ஒழுங்குக்கு வருவதைப் பல முறை கண்டிருக்கிறேன்.

அதன் பிறகுதான் வருமானத்தைப் பற்றிய பேச்சு வருகிறது. அவளுக்கு உரியதாக இருந்தும் கேட்காமல் விட்ட பணம் ஏதேனும் இருக்கிறதா என்று முதலில் தேடுகிறோம். சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்குச் சந்தா செலுத்திய கணவர் இறந்திருந்தால், தகுதி நிபந்தனைகள் நிறைவேறியிருக்கும் பட்சத்தில், குடும்பத்துக்குரிய பென்சென் பெனாகாட் எனும் வாரிசு ஓய்வூதியத்தில் ஐந்தில் மூன்று பங்கு விதவைக்கும் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் சேரும். தோட்டத்தை விட்டு அவசரமாக வெளியேறிய விதவைகள் பலர் இதைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. ஊழியர் சேமநிதியில் கணவர் யாரை வாரிசாக எழுதிவைத்தார் என்பதையும் விசாரிக்கிறோம். வருமானம் குறைந்த குடும்பத்தின் பிள்ளைகளுக்குச் சமூகநல இலாகா வழங்கும் மாத உதவிக்கு மனுச் செய்கிறோம். வேலை தேடுவது இதற்கெல்லாம் பின்புதான். பயமும் தூக்கமின்மையும் தெளியாத ஒருத்தியைத் தொழிற்சாலைக்கு அனுப்பினால் அவளால் அங்கே நிலைத்திருக்க முடிவதில்லை. வேலை போனதோடு, தன்னால் எதுவுமே முடியாது என்ற எண்ணமும் அவளுக்குள் உறைந்துவிடுகிறது.

கேள்வி: என் தங்கைக்குக் கோயிலில் தாலி கட்டித்தான் திருமணம் நடந்தது, பதிவு செய்யவில்லை. இப்போது அடி தாங்காமல் என்னிடம் வந்திருக்கிறாள். பதிவில்லாத மனைவிக்குச் சட்டம் இல்லை என்று அவள் கணவர் சொல்கிறார். உண்மையா? – வாசகி, பாகான் செராய்

பதில்: அவர் சொல்வதில் ஒரு பாதிதான் சரி, உங்கள் தங்கைக்கு இன்று தேவைப்படும் பாதியில் அவர் சொல்வது தவறு. முஸ்லிம் அல்லாதோரின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1976-இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி பதிவு செய்யாத திருமணத்துக்கு நீதிமன்றத்தில் மணவிலக்கோ மனைவிக்குரிய சொத்துப் பங்கோ கேட்பது மிகக் கடினம். தாலி கட்டிய அன்றே பதிவுத் தாளையும் கேட்டு வாங்குங்கள் என்று ஒவ்வொரு கோயில் நிர்வாகமும் பெண் வீட்டாருக்குச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் வேண்டுகோள்.

ஆனால் 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் வேறு விதமாகப் பார்க்கிறது. சமயப்படியோ வழக்கப்படியோ திருமணச் சடங்கு நடந்திருந்தால், அது பதிவாகாமல் இருந்தாலும், அவளை மனைவியாகவே ஏற்று அந்தச் சட்டம் பாதுகாக்கிறது. 2018 தொடக்கத்திலிருந்து நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, அதிகாரம் பெற்ற சமூகநல அதிகாரியே நீதிமன்றத்துக்குப் போகாமல் 7 நாள்களுக்குச் செல்லுபடியாகும் அவசரப் பாதுகாப்பு உத்தரவை வழங்கலாம். போலீஸ் விசாரணை நடக்கும்போது இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவும், வழக்கு நீதிமன்றத்துக்கு வந்த பின் 12 மாதங்கள் வரையிலான பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம். தேவைப்பட்டால் அடித்தவரை வீட்டிலிருந்து விலக்கிவைத்து, அவள் அங்கேயே குடியிருக்க வழிசெய்யும்படியும் நீதிமன்றத்தைக் கேட்க இடமுண்டு. பிள்ளைகளுக்கான ஜீவனாம்சத்தைப் பொறுத்தவரை, பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கும் தந்தையிடம் கேட்க, மணமான பெண்கள், பிள்ளைகளின் ஜீவனாம்சத்துக்கான 1950-ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

உங்கள் தங்கை எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். தன் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. தாலியான் காசே 15999 என்ற அரசுத் தொலைபேசிச் சேவை இரவிலும் இயங்குகிறது. இன்றே அழைக்கச் சொல்லுங்கள். அவர் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து கலாட்டா செய்கிறார் என்றால் அதையும் புகாரில் தவறாமல் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: கணவன் மனைவிக்குள் நடப்பதைப் பெரியவர்கள் பேசித் தீர்த்துவைப்பதே நம் வழக்கம். காப்பகங்கள் குடும்பத்தைப் பிரிக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. – வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: எங்களிடம் வந்த பெண்களில் பெரியவர்களின் பஞ்சாயத்தைப் பார்க்காமல் வந்தவர்கள் மிகக் குறைவு. பேசித் தீர்த்து அனுப்பப்பட்ட வீட்டிலிருந்தே அவர்கள் மறுபடியும் ஓடி வந்திருக்கிறார்கள். கணவரிடம் திரும்பிப் போக விரும்புகிறவளை நாங்கள் தடுப்பதில்லை. போகட்டும், ஆனால் அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் தன்னிடம் வைத்துக்கொண்டு, திரும்பி வர ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போகட்டும்.

கேள்வி: எவ்வளவு காலம் வைத்துக்கொள்வீர்கள்? வேலை செய்ய முடியாத வயதான அம்மாக்களை என்ன செய்கிறீர்கள்? – வாசகி, தெலுக் இந்தான்

பதில்: இக்கடிதம் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. இளம் தாய்மார்களுக்கு ஒரு பாதை தெரிகிறது. சில மாதங்களில் வேலையும் சிறிது சேமிப்பும் வந்ததும் ஓர் அறையோ சிறு வீடோ பார்த்துப் போகிறார்கள். இருவர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, வெவ்வேறு நேரத்து வேலைக்குப் போய் ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொள்வது எங்கள் ஊரில் நன்றாகப் பலன் தந்திருக்கிறது. போனவர்களை மறந்துவிடாமல் மாதம் ஒரு முறையாவது போய்ப் பார்ப்பதைக் காப்பகத்தின் வேலையாகவே வைத்திருக்கிறோம். தனி வீட்டில் முதல் ஆண்டு வாடகை பாக்கி, காய்ச்சல், பழைய கணவரின் மிரட்டல் என்று ஏதாவது ஒன்று வந்து அவர்களைத் தள்ளாடச் செய்யும்.

வயதான பெண்களின் நிலை வேறு. நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டி முதுகு வளைந்தவளை, வீட்டை மகன் பெயருக்கு எழுதிக்கொடுத்த பிறகு மருமகள் வெளியே அனுப்பிவிடுகிறாள் என்றால், அவளிடம் போய்ச் சொந்தக் காலில் நில் என்று சொல்வது கொடுமை. உறவினர் ஆதரவு இல்லாத, 60 வயதைக் கடந்த முதியோருக்கு அரசின் ருமா ஸ்ரீ கெனாங்ஙான் இல்லங்கள் உள்ளன. எங்களுக்கு அருகில் தஞ்சோங் ரம்புத்தானில் ஒன்று இருக்கிறது. முதியோருக்கான மாத உதவித்தொகைக்கும் மனுச் செய்கிறோம். ஆயினும் அவர்களில் பலர் கேட்பது பழைய தோட்டத்துக்குப் பக்கத்திலேயே, தமிழ் பேசும் அண்டை வீட்டாரோடு, மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் ஓர் அறைதான். அதை ஏற்படுத்தித் தர எங்களால் இன்னும் முடியவில்லை. இளையவர்களுக்கு நாங்கள் வகுத்த கால வரம்பை இவர்களுக்குப் பொருத்துவதில்லை என்று குழுவில் முடிவு செய்திருக்கிறோம். அதனால் படுக்கைகள் குறைகின்றன என்பது தெரிந்தே செய்த முடிவு.

கேள்வி: பழைய சேலைகள், பாத்திரங்கள் நிறைய இருக்கின்றன. கொண்டு வந்து கொடுக்கலாமா? – வாசகி, ஈப்போ

பதில்: அன்புக்கு நன்றி, அம்மா. துணிகள் போதுமான அளவுக்கு இருக்கின்றன. எங்களுக்கு எப்போதும் பற்றாக்குறையாக இருப்பது வாடகை முன்பணம். வீட்டுக்காரர்கள் இரண்டு மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். அதற்கு மேல் தண்ணீர், மின்சாரத்துக்கும் வைப்புத்தொகை கட்ட வேண்டும். மாத வாடகையைக் கட்டக்கூடிய அளவுக்குச் சம்பாதிக்கத் தொடங்கிய பெண்கூட இந்த ஒரு தொகையைச் சேர்ப்பதற்காகவே மேலும் பல மாதங்கள் எங்களோடு இருக்க நேர்கிறது. இதற்கென ஒரு சுழல்நிதி வைத்திருக்கிறோம். கடனாகக் கொடுத்து, சிறுகச் சிறுகத் திரும்பப் பெற்று, அடுத்தவளுக்குக் கொடுக்கிறோம். பாத்திரங்களை வைத்திருங்கள், ஒரு பெண் தனி வீட்டுக்குப் போகும் நாளில் கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.

தாமான்களில் வாடகைக்கு விட வீடு வைத்திருப்போரிடமும் ஒன்று கேட்க வேண்டும். கணவர் எங்கே என்ற கேள்விக்குப் பதில் இல்லை என்பதற்காகத் தனித்த தாய்மார்களுக்கு வீடு மறுக்கப்படுவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். வாடகை ஒப்பந்தத்தை அந்தப் பெண்ணின் பெயரிலேயே எழுதிக்கொள்ளச் சம்மதித்தால், முதல் ஆறு மாத வாடகைக்குக் காப்பகம் பொறுப்பேற்கும். சுங்கை சிப்புட்டிலோ சுற்றுவட்டாரத்திலோ, பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் வீடோ அறையோ உள்ளவர்கள் இந்த இதழின் முகவரிக்கு எழுதினால் கடிதம் எங்களிடம் வந்து சேரும்.