கயிறு எட்டவில்லை, இரண்டை இணைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: என்னிடம் 12 மி.மீ. நைலான் கயிறு ஒன்றும் 8 மி.மீ. பிளாஸ்டிக் கயிறு ஒன்றும் இருக்கின்றன. மரத்தில் வெட்டும் கிளைகளைக் கட்டி மெல்லக் கீழே இறக்க வேண்டும். தனித்தனியாக இரண்டும் எட்டவில்லை. இணைக்க எந்த முடிச்சு என்று தேடினால் ரீஃப், ஷீட் பெண்ட், டபுள் ஃபிஷர்மேன், ஜெப்லின் என்று வரிசையாக வருகிறது. ஓர் அட்டவணை ஒரு முடிச்சுக்கு 50 சதவீத வலிமை என்கிறது, இன்னொன்று அதே முடிச்சுக்கு 70 என்கிறது. எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள வேண்டுமா, ஒன்று போதுமா?

பதில்: உங்கள் இரண்டு கயிறுகளுக்கு ஒன்று போதும்: டபுள் ஷீட் பெண்ட். ஆனால் அதைச் சொல்லிவிட்டு எழுந்து போக எனக்கு மனசு வரவில்லை. காரணம், நீங்கள் சொன்ன அந்த அட்டவணை.

முதலில் அதைத் தூக்கி ஓரமாக வையுங்கள். முடிச்சு போட்டால் கயிறு பலம் குறையும் என்பது உண்மைதான். முடிச்சுக்குள் கயிறு சட்டென்று வளைகிறது. வளைவின் வெளிப்பக்க இழைகள் மேல் மொத்தப் பாரமும் விழ, உள்பக்க இழைகள் சும்மா இருக்கின்றன. பாதி பலம் போய்விட்டது என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பு வராது. ஆனால் 53, 67 என்று போடுகிறார்களே, அந்த எண் எந்தக் கயிற்றில் எடுத்தது, புதிதா பழையதா, மெல்ல இழுத்தார்களா வெடுக்கென்று இழுத்தார்களா என்று எந்த அட்டவணையாவது சொல்கிறதா? கயிறு மாறினால் எண் மாறும். ஒரே எண்ணை ஒருவர் பார்த்து இன்னொருவர் எழுதி, அதைப் பாடப்புத்தகத்தில் ஏற்றி, அதையே பரீட்சையிலும் கேட்கிறார்கள்.

நான் பார்த்தவரை இணைப்பு முடிச்சுகள் அறுந்து கெடுத்ததைவிட நழுவிக் கெடுத்ததுதான் அதிகம். அதனால் நீங்கள் கேட்க வேண்டியது மூன்றுதான். இரண்டு கயிறும் ஒரே பருமனா? பாரம் நிலையாக இருக்குமா, விட்டுவிட்டு ஆடுமா? வேலை முடிந்ததும் அவிழ்க்க வேண்டுமா?

சரி, ரீஃப் முடிச்சு. வலது மேல் இடது, பிறகு இடது மேல் வலது என்று பள்ளியில் எல்லோருக்கும் சொல்லித்தந்தது. ‘சம பருமனுள்ள இரு கயிறுகளை இணைக்க உதவும் முடிச்சு எது?’ என்ற கேள்விக்கு இன்றும் ரீஃப் என்று எழுதினால்தான் மதிப்பெண். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பையன் ‘அதை வைத்துப் பாரம் இழுக்கக் கூடாது’ என்று எழுதிவிட்டு மதிப்பெண்ணை இழந்தான். அவன் எழுதியதுதான் சரி. நீங்களே சோதித்துப் பாருங்கள். இரண்டு துண்டுக் கயிற்றில் ரீஃப் போட்டு இறுக்குங்கள். இப்போது ஒரு கயிற்றின் குட்டை நுனியை ஒரு கையிலும், அதே கயிற்றின் நீளப் பக்கத்தை மறு கையிலும் பிடித்து வெடுக்கென்று எதிரெதிராக இழுங்கள். அந்தக் கயிறு நேராகிவிடும். மற்றது அதன்மேல் வெறும் வளையமாகச் சுற்றிக்கொண்டு நிற்கும். விரலால் தள்ளினால் உருவிக்கொண்டு வரும். மரக்கிளையில் ஒரு நுனி மாட்டினால் நடப்பதும் இதேதான். பொட்டலத்தையோ காயக்கட்டையோ சுற்றிக் கட்ட ரீஃப் அருமையான முடிச்சு. அடியில் ஏதோ ஒன்று அதை அழுத்திப் பிடித்திருக்கும். இரண்டு கயிற்றுக்கு நடுவே அந்தரத்தில் அதை நம்பாதீர்கள்.

அதையே தப்பாக, இரண்டு முறையும் வலது மேல் இடது என்று போட்டால் கிரானி முடிச்சு. அது இன்னும் மோசம். ஏன் என்பதை 2020இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இழுபடும்போது நிறம் மாறும் இழைகளை வைத்து விளக்கினார்கள். ரீஃபில் பக்கத்துப் பக்கத்து இழைகள் எதிரெதிர்த் திசையில் முறுக்கி ஒன்றையொன்று பூட்டுகின்றன. கிரானியில் ஒரே பக்கம் உருண்டு வழுக்கிவிடுகின்றன.

இப்போது உங்கள் முடிச்சு. பருமனான கயிற்றின் நுனியை மடக்கி, கவிழ்த்த ப மாதிரி ஒரு மடக்கு பிடியுங்கள். மடக்குவது பருமனான கயிற்றைத்தான். மெல்லியதை மடக்கினால் பருமனானது அதை இழுத்து நேராக்கிவிடும். மெல்லிய கயிற்றை அந்த மடக்குக்குள் அடியிலிருந்து மேலே கொண்டுவந்து, மடக்கின் இரண்டு கால்களையும் பின்பக்கமாகச் சுற்றி, முன்னால் கொண்டுவந்து, தன்னுடைய சொந்தக் கயிற்றுக்கு அடியிலேயே நுழைத்துவிடுங்கள். மடக்குக்குள் திரும்ப நுழைக்கக் கூடாது, எல்லோரும் தடுமாறும் இடம் அதுதான். இது ஒற்றை ஷீட் பெண்ட். நெசவில் அறுந்த நூலை முடிவது இதே அமைப்பில்தான். இன்னொரு சுற்று கால்களைச் சுற்றி மறுபடி அதே இடத்தில் நுழைத்தால் டபுள்.

உங்கள் பிளாஸ்டிக் கயிறு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன்தான். தண்ணீரில் போட்டால் மிதக்கும். அது வழுவழுப்பு, விறைப்பும் அதிகம். அதனால் மூன்றாவது சுற்றும் போடுங்கள். நுனி ஒரு சாண் மிச்சமிருக்கட்டும். இரண்டு நுனிகளும் முடிச்சின் ஒரே பக்கம் வர வேண்டும். மிச்ச நுனியை அந்தந்த நீளக் கயிற்றோடு சேர்த்து டேப்பால் சுற்றிவிடுங்கள். ஷீட் பெண்டின் பெரிய குறை, பாரம் இல்லாத நேரத்தில் ஆடினால் தானே தளர்வது. கிளையை இறக்கிவிட்டு வெறும் கயிற்றை மேலே இழுப்பீர்கள் அல்லவா? அப்போதுதான் அது அவிழப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் கையில் பிடித்து இறுக்கிப் பார்த்துவிட்டு அடுத்த கிளையைக் கட்டுங்கள்.

ஒரே பருமன் என்றால் ஜெப்லின். இரண்டு ஒற்றை முடிச்சுகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்தது மாதிரி இருக்கும். எவ்வளவு இழுத்தாலும் பிறகு கையாலேயே அவிழும். அவிழ்க்கவே வேண்டாம் என்றால் டபுள் ஃபிஷர்மேன். பாரம் ஏறி இறுகிவிட்டால் அதை அவிழ்க்க இடுக்கி வேண்டும், பொறுமையும் வேண்டும். உங்களுக்கு இப்போது இரண்டும் தேவையில்லை.

‘புது முடிச்சு, இதுவரை யாரும் காட்டாதது’ என்று வீடியோவும் வகுப்பும் விற்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான். 1978இல் எட்வர்ட் ஹன்டர் என்ற மருத்துவர் போட்ட ஒரு முடிச்சு, புதிய கண்டுபிடிப்பு என்று லண்டன் டைம்ஸ் நாளிதழின் முதல் பக்கத்திலேயே வந்தது. கடைசியில் பார்த்தால் ஃபில் ஸ்மித் என்ற அமெரிக்கர் பல ஆண்டுகளுக்கு முன்பே அதை அச்சிட்டிருந்தார். அந்தப் பரபரப்பால் முடிச்சுப் பிரியர்கள் ஒன்றுகூடி 1982இல் ஒரு சர்வதேசச் சங்கமே தொடங்கினார்கள், அது நல்லதுதான். ஹன்டராவது உண்மையாகவே தனியாகக் கண்டடைந்தார். இன்றைக்கு விற்பவர்கள் பழைய முடிச்சுக்குப் பெயரை மட்டும் மாற்றுகிறார்கள்.

இதைப் படிக்கும் யாராவது ‘மலையேறுபவர்கள் இரண்டு கயிற்றையும் சேர்த்துப் பிடித்து ஒரே ஒரு சாதா முடிச்சுதானே போடுகிறார்கள், அவர்கள் உயிரே அதில்தானே தொங்குகிறது?’ என்று கேட்பார்கள். உண்டு. விளையாட்டாக அதற்கு ஐரோப்பிய சாவு முடிச்சு என்றே பெயர். ஆனால் அவர்கள் அதை எடுப்பது பலத்துக்காக இல்லை. கீழே இறங்கிய பிறகு கயிற்றை உருவி இழுக்க வேண்டும். அப்போது முடிச்சு பாறை விளிம்பில் மாட்டக் கூடாது. இந்த முடிச்சு கயிற்றின் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பதால் விளிம்பில் உருண்டு தாண்டிவிடுகிறது. அதிகப் பாரம் வந்தால் அதே உருளல்தான் ஆபத்து. ஒவ்வொரு உருளலும் நுனியைக் கொஞ்சம் தின்னும். அதனால்தான் குறைந்தது 30 செ.மீ. நுனி விடுகிறார்கள், கட்டியதும் நான்கு இழைகளையும் தனித்தனியாக இழுத்து இறுக்குகிறார்கள். ‘இன்னும் பத்திரமாக இருக்கட்டும்’ என்று அதையே எட்டு வடிவத்தில் போட்டால் குறைந்த பாரத்திலேயே உருளும், நுனியையும் அதிகம் தின்னும். அப்படிச் செய்து இறந்தவர்கள் உண்டு. ஒரு மனிதர் மெல்ல இறங்கும் பாரம், மென்மையான ஏறுகயிறு, அதுவும் கிட்டத்தட்ட ஒரே பருமன், இதற்காகத் தேர்ந்தெடுத்தது அது. வெட்டிய கிளை சடாரென்று விழுந்து தொங்கும் இடத்தில், 12க்கும் 8க்கும் நடுவே, அதைப் போடாதீர்கள்.

அடுத்து, பலரும் கணக்கே போடாத விஷயம். நல்ல 12 மி.மீ. நைலான் ஏறக்குறைய மூன்று டன்னில் அறும். 8 மி.மீ. பிளாஸ்டிக் சுமார் ஒரு டன்னில். இணைத்த பிறகு உங்களிடம் இருப்பது 8 மி.மீ. கயிறு மட்டும்தான். முடிச்சுக்குப் பாதி போனால் 500 கிலோ. அதிலும் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று வைத்தால் 100 கிலோ. கிளை விழுந்து வெடுக்கென்று இழுத்தால் அதன் எடையைப் போலப் பல மடங்கு பாரம் ஒரு கணம் வரும். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் என்றால் அந்த 100கூட இல்லை. விற்பவர் ‘இது ஒரு டன் இழுக்கும்’ என்பார். அவர் சொல்வது அறும் பாரம், வேலைக்கான பாரம் இல்லை. சுருளில் ஒட்டியிருக்கும் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். ‘சீட்டு மொத்தச் சுருளில்தான் இருந்தது, கிழித்துவிட்டோம்’ என்பதுதான் வழக்கமான பதில். கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்கும்போது அந்தச் சீட்டின் நகலைக் கூடவே கொடுக்க வேண்டும் என்று எத்தனையோ இடங்களில் கத்திப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று, உங்கள் வேலைக்கே உரியது. கிளையில் கட்டிய கயிறு மேலே ஒரு கவட்டை வழியாக ஏறி இறங்கி உங்கள் கைக்கு வரும். கிளை கீழே வர வர உங்கள் பக்கத்துக் கயிறு மேலே போகும். இணைப்பு உங்கள் பக்கம் இருந்தால் அதுவும் மேலே போய்க் கவட்டையில் மாட்டும். கிளை பாதியில் தொங்கும், நீங்கள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அப்போது எந்த முடிச்சாக இருந்தும் பயனில்லை. இணைப்பு தொடக்கத்திலேயே கவட்டையைத் தாண்டி, கிளைப் பக்கம் இருக்க வேண்டும். அப்படி வைத்தால் மெல்லிய கயிற்றில் கிளைக்கும் கவட்டைக்கும் நடுவே உள்ள தூரம் மட்டும்தான் பயன்படும். உங்களுக்கு எத்தனை மீட்டர் போதவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றிரண்டு மீட்டர் என்றால் இப்படிச் சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் நீளமான ஒரே கயிறாக வாங்கிவிடுங்கள்.

வாங்கும்போது ஒரு வேலை. சில ஆண்டுகளுக்கு முன் நான் 50 மீட்டர் என்று வாங்கிய சுருளில் முப்பதாவது மீட்டரில் டேப் சுற்றியிருந்தது. பிரித்தால் உள்ளே ஒரு கிரானி முடிச்சு. அதனால் சுருளை அங்கேயே பிரித்து, நுனியிலிருந்து நுனிவரை கையால் உருவிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.