டிரீம்காஸ்ட் நல்ல வீடியோ கேம் இயந்திரமாக இருந்தும் சேகா ஏன் போட்டியிலிருந்து விலகியது? திருட்டு சீடிகள்தாம் காரணமா?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதாமல் கடந்துபோக என்னால் முடியவில்லை. கேட்டவர் இளையவராக இருக்க வேண்டும். சோனியும் மைக்ரோசாப்டும் நின்டெண்டோவும் மோதும் காலத்தில் வளர்ந்தவருக்குச் சேகா என்பது சோனிக் விளையாட்டின் தொடக்கத்தில் திரையில் வரும் ஒரு பெயர் மட்டுமே. எனக்கோ, மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்த என் அம்மா கூட்டுப் பணம் (சீட்டுப் பணம்) எடுத்து வாங்கிக் கொடுத்த பெட்டியின் பெயர் அது.

முதலில் திருட்டு சீடி விஷயம். டிரீம்காஸ்டில் ஓர் ஓட்டை இருந்தது உண்மை. மில்-சீடி என்ற இசைவட்டு வகைக்காகத் திறந்துவைத்த வழியில் நுழைந்து, எந்தச் சிப்பும் பொருத்தாமலேயே நகல் வட்டுகளை ஓட்ட முடிந்தது. ஆனால் சோனியின் பிளேஸ்டேஷனுக்கான திருட்டு சீடிகள் நம் ஊர்ப் பசார் மாலாம்களில் (இரவுச் சந்தைகளில்) குவிந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அப்படியிருந்தும் முதல் பிளேஸ்டேஷன் உலகம் முழுவதும் 10 கோடிக்கு மேல் விற்றது. டிரீம்காஸ்டுக்கு முன் வந்த, எங்கள் வீட்டிலும் இருந்த சேகா சாட்டர்ன் 1 கோடியைக்கூட எட்டவில்லை. திருட்டுதான் ஓர் இயந்திரத்தைக் கொல்லும் என்றால், முதலில் செத்திருக்க வேண்டியது பிளேஸ்டேஷன். இதைச் சொல்வதால் நான் திருட்டுக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் வீட்டில் இருந்த வட்டுகள் நான்கும் அசல் வட்டுகள்.

பெட்டியையும் அவற்றையும் வாங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. 1996 ஆம் ஆண்டின் இறுதியில், தமிழ்ப்பள்ளி முடித்து, இடைநிலைப்பள்ளியின் படிவம் ஒன்றுக்கு முன் வரும் புகுமுக வகுப்பும் கடந்திருந்த எனக்காக, அம்மா ஜார்ஜ் டவுனில் ஒரு கடையின் கண்ணாடி மேசைமேல் பத்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். கடைசி நோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "அடுத்த வருஷமும் இதற்கு சீடி வருமா?" என்று கடைக்காரரிடம் மலாய்மொழியில் கேட்டார். வரும், வந்துகொண்டே இருக்கும் என்றார் அவர். அதன் பிறகுதான் அந்த நோட்டு மேசைக்குப் போனது.

என் பதில் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. வாங்கியவரைக் கைவிடமாட்டோம் என்ற நம்பிக்கையைச் சேகா தானே உடைத்துக்கொண்டது. தன் முந்தைய பெட்டியான மெகா டிரைவுடன் பொருத்தும் 32எக்ஸ் என்ற கருவியை 1994 நவம்பரில் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய அதே நிறுவனம், அரை ஆண்டுக்குள் அதற்கு மாற்றாகச் சாட்டர்னைக் கொண்டுவந்தது. அதுவும் எப்படி? செப்டம்பரில் வரும் என்று சொல்லியிருந்ததை, 1995 மே 11 அன்று லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில், இன்றே கடைக்கு வந்துவிட்டது, விலை 399 டாலர் என்று திடீரென அறிவித்தது. சரக்கு ஒரு சில கடைகளுக்கு மட்டுமே போயிருந்தது. விடுபட்ட கேபி டாய்ஸ் என்ற பொம்மைக்கடை நிறுவனம் சாட்டர்னை விற்கவே மறுத்தது. அதே கண்காட்சியில் சோனி சார்பில் மேடையேறியவர் 299 என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். போதாக்குறைக்கு, இரண்டு எஸ்எச்-2 செயலிகளைக் கொண்ட சாட்டர்னுக்கு நிரல் எழுதுவது பெரும்பாடு. ஒற்றைச் செயலி கொண்ட பிளேஸ்டேஷன் பக்கம் விளையாட்டு நிறுவனங்கள் சாய்ந்தன. 1997இல், சாட்டர்ன் எங்கள் எதிர்காலம் அல்ல என்று சேகாவின் அமெரிக்கப் பிரிவுப் பொறுப்பாளர் பெர்னி ஸ்டோலரே பொதுவில் சொல்லிவிட்டார். அப்போது எங்கள் பெட்டிக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை.

1998இல் அதன் லென்ஸ் வட்டைப் படிக்க மறுத்தது. வாங்கிய கடைக்கே தூக்கிக்கொண்டு போனோம். உதிரிப்பாகம் கிடையாது, பிளேஸ்டேஷன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆசிய நிதி நெருக்கடிக்கு முன் இரண்டரை வெள்ளி அளவில் இருந்த அமெரிக்க டாலர், 3.80 வெள்ளி என்று கட்டப்பட்ட வருடம் அது. இன்னொரு பெட்டி என்ற பேச்சுக்கே எங்கள் வீட்டில் இடமில்லை.

டிரீம்காஸ்ட் அருமையான இயந்திரம்தான், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. இணையத்துக்கான மோடம் உள்ளேயே பொருத்தி 1998இல் வந்த பெட்டி அது. ஆனால் 2000இல் படிவம் நான்கில் இருந்த நான் அதன் பெயரை எடுத்ததும் அம்மா கேட்டது, "அதே கம்பெனியா?" என்பது மட்டும்தான். விளையாட்டு நிறுவனங்களிலும் அதே தயக்கம் இருந்தது. பெரிய விளையாட்டு நிறுவனமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் டிரீம்காஸ்டுக்கு ஒரு விளையாட்டுகூடத் தரவில்லை. மறுபுறம் 2000 மார்ச்சில் வந்த பிளேஸ்டேஷன் 2, பழைய பிளேஸ்டேஷன் வட்டுகளையும் ஓட்டியது, டிவிடி படமும் காட்டியது. முன்பு வாங்கியவர் வாங்கியது வீணாகவில்லை. நான் சேகா பக்கம் நின்றவன். இருந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2001 ஜனவரி 31 அன்று, டிரீம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்தப்போவதாகச் சேகா அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சோனிக் நின்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவியில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தப்போகும் செய்தியை நான் அடுப்படியில் போய்ச் சொன்னபோது, அம்மா தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்போ நம்ம பழைய பெட்டியை இனி யாருதான் ரிப்பேர் செய்வா?"