நினைவு மலருக்கு என்ன எழுதுவது?

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்த ஒருவன் சென்ற மாதம் இறந்துவிட்டான். சாகிற வயதே இல்லை. நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று அவன் அம்மா கேட்டிருக்கிறார். எழுத உட்கார்ந்தால் சின்னச் சின்ன விஷயங்கள்தான் ஞாபகம் வருகின்றன. அரை மதிப்பெண்ணுக்காக விடைத்தாளோடு வந்து நிற்பான். வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதிவிட்டு, "விடை சரிதானே டீச்சர்?" என்பான். இதையெல்லாம் எழுதலாமா? இன்னொன்று, பெற்றவர்கள் இருக்கும்போது நான் இவ்வளவு அழுவது எனக்கே கொஞ்சம் அதிகமாகப் படுகிறது.

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பழங்காலச் சீன ஞானி கன்ஃபூசியஸுக்கு மிகவும் பிடித்த மாணவர் யான் ஹுய். அவர் இறந்தபோது கன்ஃபூசியஸ் அழுததைப் பார்த்து, கூட இருந்த மாணவர்களே இது அளவு மீறிய துக்கம் என்றார்கள். இவனுக்காக அழாமல் வேறு யாருக்காக அழுவது என்று கேட்டார் அவர். எதிலும் அளவு வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த மனிதர்! அதே யான் ஹுய் மேல் அவருக்கு ஒரு குறையும் உண்டு. நான் எதைச் சொன்னாலும் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறான், இவனால் எனக்கு ஒரு உதவியும் இல்லை என்பார். (உங்கள் பையனிடம் அந்தக் குறை இல்லை.)

சரி, மலருக்கு வருவோம். 'பணிவானவர், பண்பானவர்' என்று மற்ற எல்லோரும் எழுதிவிடுவார்கள், பெயரை மாற்றினால் அது யாருக்கும் பொருந்தும். ராமானுஜன் 1920இல், 32 வயதில் இறந்தார். அவருக்குக் கொஞ்சம் கற்றுக்கொடுத்ததாகவும் அவரிடம் கற்றுக்கொண்டதே அதிகம் என்றும் சொன்ன ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டி, அவரைப் பற்றி எழுதிய அஞ்சலிக் கட்டுரையில்தான் அந்த டாக்சி கதை வருகிறது: நோயில் கிடந்தவரைப் பார்க்கப் போய், வந்த டாக்சியின் எண் 1729, சுவாரசியமே இல்லாத எண் என்று இவர் சொல்ல, இல்லையே, இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுத முடிகிற மிகச் சிறிய எண் அதுதானே என்றார் ராமானுஜன். அதே கட்டுரையில் ஹார்டி ஒரு ஆறுதலும் எழுதியிருந்தார். இளமையிலேயே முறையான பயிற்சி கிடைத்திருந்தால் இன்னும் பெரிய கணிதமேதை ஆகியிருப்பார், ஆனால் அப்போது அவர் இந்த ராமானுஜனாக இருந்திருக்க மாட்டார், கிடைத்திருக்கும் லாபத்தைவிட அந்த நஷ்டம் பெரிதாக இருந்திருக்கலாம் என்று. பல வருடம் கழித்து, அது அபத்தமான உணர்ச்சிவசப்படல் என்று அவரே அந்த வரியைத் தள்ளிவிட்டார். டாக்சி எண்ணுக்கு அந்த நிலை வரவில்லை.

அதனால் ஆறுதல் சொல்லும் வரிகளை விட்டுவிட்டு அந்த அரை மதிப்பெண்ணை எழுதுங்கள். நீங்கள் கடைசியில் அதைக் கொடுத்தீர்களா இல்லையா என்பதையும். வீட்டில் அவன் எப்படி இருந்தான் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும், வகுப்பில் உங்களோடு மல்லுக்கு நின்றவனை அவர் பார்த்ததே இல்லை. அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை அவருக்குப் படித்துக்காட்டுங்கள். ஏதாவது ஒரு வரி வேண்டாம் என்று அவர் சொன்னால், காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.