அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன்: சேமிப்புத் திட்டக் கணக்கை முடிக்க வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, அப்பாவுக்கு 78. கும்பகோணத்தில் இருக்கிறார்கள்; நான் சென்னையில். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பை ஒட்டி தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிட்டது. பாதி மூட்டு மாற்றி ஆபரேஷன் செய்தார்கள். ஏழு நாள் மருத்துவமனை, பில் ₹3,42,000. அம்மாவுக்கு ₹5 லட்சம் ஹெல்த் பாலிசி உண்டு (அறை வாடகை வரம்பு நாளுக்குப் பாலிசித் தொகையில் 1%, கோ-பே, அதாவது நாங்களே ஏற்க வேண்டிய பங்கு, 20%, டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் கவரேஜ்). ₹7,500 வாடகை அறையில் இருந்தோம். கம்பெனி கொடுத்தது ₹1,76,000. மீதி ₹1,66,000-ஐ என் கிரெடிட் கார்டில் கட்டினேன். இப்போது மினிமம் மட்டும் கட்டி வருகிறேன். வீடு திரும்பி மூன்று வாரம் ஆகிறது. லீவு போட்டுப் பார்த்துக்கொண்ட என் மனைவி அடுத்த வாரம் வேலைக்குத் திரும்ப வேண்டும். 24 மணி நேர ஆளுக்கு நாளைக்கு ₹1,000, பகலுக்கு மட்டும் என்றால் ₹650, பிசியோதெரபிஸ்ட்டுக்கு ஒரு முறைக்கு ₹500 கேட்கிறார்கள். "ஆள் எதற்கு, நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் அப்பா. அம்மா பெயரில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒரே கணக்காக ₹15 லட்சம் (8.2%, போட்டு 14 மாதம்), வங்கியில் ₹4 லட்சம் டெபாசிட் (7%, முதிர்வுக்கு 5 மாதம்) இருக்கின்றன. வீட்டுச் செலவுக்கு நான் அனுப்பிவிடுவதால் வட்டி அப்படியே சேர்கிறது. அப்பாவுக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. சேமிப்புத் திட்டக் கணக்கை முடித்துவிடலாமா? தங்கை நகையை விற்கச் சொல்கிறாள்.

பதில்: கணக்கையும் முடிக்க வேண்டாம், நகையையும் தொட வேண்டாம். இப்போது உங்கள் வீட்டில் பணம் ஒழுகும் இடம் கிரெடிட் கார்டுதான். மாதம் 3.5% வட்டி என்று வைத்தால் ₹1,66,000-க்கு மாதம் ₹5,810, அதற்கு மேல் ஜிஎஸ்டி. அம்மாவின் டெபாசிட்டை அடமானமாகக் காட்டி வங்கியில் ஓவர்டிராஃப்ட் (வேண்டியபோது எடுத்து, எடுத்ததற்கு மட்டும் வட்டி கட்டும் கடன்) வாங்குங்கள். வழக்கமாக டெபாசிட் தொகையில் 90% வரை, அதாவது ₹3,60,000 வரை கிடைக்கும். வட்டி டெபாசிட் வட்டியைவிட ஒரு சதவீதம் கூட இருக்கும் என்று கொள்ளலாம். 8% என்றால் அதே ₹1,66,000-க்கு ஐந்து மாதத்துக்கும் சேர்த்து ₹5,533. கார்டுக்கு ஒரே மாதத்தில் கட்டும் வட்டி அதைவிட அதிகம். முதிர்வுக்கு ஐந்தே மாதம் இருக்கும்போது டெபாசிட்டை உடைத்தால், ஓடிய காலத்துக்கான குறைந்த வட்டியும் அபராதமும் சேர்ந்து இதைவிடக் கூடுதலாகப் பறிபோகலாம்.

டெபாசிட் அம்மா பெயரில் மட்டும் இருக்கிறது, அவரோ படுக்கையில். நீங்கள் நாமினி என்பதால் கையெழுத்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள். கணக்குதாரர் உயிரோடு இருக்கும்வரை நாமினிக்கு அந்தக் கணக்கில் எந்த அதிகாரமும் இல்லை. 70 வயது கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கிளை மேலாளருக்கு எழுத்துமூலம் கேளுங்கள். கையெழுத்து மாறிவிட்டால் கைநாட்டு வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். பவர் ஆஃப் அட்டர்னியை மட்டும் நம்ப வேண்டாம். கொடுத்தவர் சுயநினைவு இழந்தால் அது செல்லாது. ஆபரேஷன் ஆன வயதானவர்களுக்குச் சில நாள் மனக்குழப்பம் வருவது சகஜம் என்பதால் இதைச் சொல்கிறேன். டெபாசிட் முதிர்ந்ததும் கடனை அடைத்துவிட்டு, மீதியை ஒரே ரசீதாகப் போடாமல் சிறு ரசீதுகளாக, உங்களையும் சேர்த்து ‘ஐதர் ஆர் சர்வைவர்’ முறையில் (இருவரில் யார் வேண்டுமானாலும் கையாளலாம்) போடுங்கள்.

சேமிப்புத் திட்டக் கணக்கை ஏன் தொடக்கூடாது? ஒரு வருடம் முடிந்து இரண்டு வருடத்துக்குள் மூடினால் அசலில் 1.5%, அதாவது ₹22,500 போய்விடும். ஒரே கணக்கு என்பதால் பாதியை மட்டும் எடுக்க வழியில்லை, அதன் மேல் கடனும் வாங்க முடியாது. அந்தக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ₹30,750 தருகிறது. கீழே வரும் வீட்டுச் செலவைத் தாங்கப்போவது அந்த வட்டிதான்.

அடுத்து, இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்த தொகை. அதன் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. ₹5,000 வரம்பு இருக்கும்போது ₹7,500 அறை எடுத்தீர்கள். ஆகவே அதே விகிதத்தில் பில்லிலும் மூன்றில் இரண்டு பங்குதான் தருவோம் என்று வெட்டுகிறார்கள். வெட்டலாம், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ் (ஒருமுறை பயன்படுத்தும் பொருட்கள்), உள்ளே பொருத்திய இம்ப்ளான்ட் (செயற்கை மூட்டு), பரிசோதனைகள் ஆகியவற்றுக்கு இந்த விகிதாச்சார வெட்டு பொருந்தாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-லேயே வரையறுத்துவிட்டது. உங்கள் பில்லின் பிரிவுகள் கிட்டத்தட்ட இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்: அறை ₹52,500, டாக்டர்கள், தியேட்டர், நர்சிங் ₹1,40,000, இம்ப்ளான்ட் ₹85,000, மருந்தும் பரிசோதனையும் ₹52,500, கையுறை, டயப்பர் போன்ற, இன்ஷூரன்ஸ் பணம் தராத ஐட்டங்கள் ₹12,000. கடைசியை விட்டுவிட்டால் ₹3,30,000. அதை மொத்தமாக மூன்றில் இரண்டாக்கி, 20% கோ-பே கழித்தால் சரியாக ₹1,76,000 வருகிறது. அதாவது இம்ப்ளான்ட்டையும் மருந்தையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். முறைப்படி பார்த்தால் அறைக்கு ₹35,000, டாக்டர் வகைக்கு ₹93,333, இம்ப்ளான்ட்டும் மருந்தும் முழுதாக ₹1,37,500. மொத்தம் ₹2,65,833, கோ-பே போக ₹2,12,667. வித்தியாசம் ₹36,667.

மருத்துவமனையிடம் பிரிவுவாரியான இறுதி பில்லையும், கம்பெனியிடம் செட்டில்மென்ட் கடிதத்தையும் வாங்கி, உண்மையான எண்களை வைத்து இந்தக் கணக்கை மறுபடி போடுங்கள். தவறு உறுதியானால் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (புகார்களைத் தீர்த்துவைக்கும் அதிகாரி) போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை.

60 நாள் கவரேஜில் மூன்று வாரம் போய்விட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்த பிசியோதெரபி, மருந்து, மறுபரிசோதனை, எக்ஸ்ரே ஆகியவை இதில் வரும். பெரும்பாலான வீடுகளில் இந்தப் பணம் கோட்டைவிடப்படுவது ரசீது இல்லாததால்தான். பிசியோதெரபிஸ்ட் வருவார், ஜிபேயில் ₹500 போகும், கதை முடிந்தது. வாரம் எத்தனை முறை, எத்தனை வாரம் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். பிசியோதெரபிஸ்ட்டிடம் தேதிவாரியாக, பதிவெண்ணோடு ரசீது கேளுங்கள். மிச்சமுள்ள நாட்களில் ஏறக்குறைய 28 முறைக்கு ₹14,000, மருந்து ₹7,000, மறுபரிசோதனை ₹3,000 என்றால் கோ-பே போக ₹19,200 திரும்பும். பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளம், டயப்பர், வாக்கர், காற்று மெத்தை எதையும் கேட்காதீர்கள். அவை இன்ஷூரன்ஸ் பணம் தராத ஐட்டங்கள் பட்டியலில் பெயரோடு இருக்கின்றன. விண்ணப்பிக்கக் கடைசி நாளைப் பாலிசிப் புத்தகத்தில் பார்த்துக் காலண்டரில் குறியுங்கள்.

இனி வீட்டுச் செலவு. அடுத்த நான்கு வாரம் 24 மணி நேர ஆள் ₹28,000, பிறகு ஆறு வாரம் பகல் ஆள் ₹27,300. பிசியோதெரபி முதல் ஆறு வாரம் வாரத்துக்கு ஐந்து முறை, அடுத்த ஆறு வாரம் மூன்று முறை: 48 முறை, ₹24,000. ஆறு மாத மருந்து ₹21,000, கட்டில் வாடகை, வாக்கர், கம்மோடு நாற்காலி ₹12,000, டயப்பர் ₹6,000, மறுபரிசோதனைக்குக் காரில் போய்வர ₹7,500, குளியலறை வேலை ₹20,000, எலும்புத் தேய்மான சிகிச்சை ₹10,000. ஆக ₹1,55,800. மருத்துவமனையில் கைக்காசு போட்டதற்கு ஏறக்குறைய சமம். ஆனால் இதற்குப் பில்லும் கிடையாது, கேஷ்லெஸ்ஸும் கிடையாது. சில்லறையாகக் கரைவதால் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆறு மாத வட்டி ₹61,500, கம்பெனி தர வேண்டியது ₹36,667, பின்செலவு கிளெய்ம் ₹19,200, மூன்றும் வந்தால் துண்டு விழுவது ₹38,500 அளவுதான். அதையும் ஓவர்டிராஃப்டிலிருந்தே எடுக்கலாம். வெட்டுக் கணக்கில் தோற்றாலும் ₹76,000-க்குள் அடங்கும். புண் வைத்து மறுபடி மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் ஓவர்டிராஃப்டின் மிச்ச வரம்பு கையில் இருக்கும்.

இந்தப் பட்டியலில் எதையாவது குறைக்கலாம் என்று தோன்றினால் பிசியோதெரபியில் கை வைக்காதீர்கள். எல்லோரும் முதலில் நிறுத்துவது அதைத்தான்: "வாக்கரில் நடக்கிறாரே, போதும்." கடைசி 18 முறையை நிறுத்தினால் ₹9,000 மிச்சம். தானாக எழுந்து கழிப்பறைக்குப் போகும் பலம் வராமல் பகல் ஆள் இரண்டு வாரம் நீண்டாலே ₹9,100 போய்விடும். ஆளைச் சீக்கிரம் அனுப்ப உதவும் ஒரே செலவு பிசியோதெரபிதான்.

அப்பா சொல்வதற்கு வருகிறேன். 78 வயதில் நடுராத்திரி அம்மாவைத் தூக்கி நிறுத்தப் போனால் விழப்போவது ஒருவர் அல்ல, இருவர். அதிலும் ஒருவருக்கு இன்ஷூரன்ஸே இல்லை. ஆளுக்குத் தரும் ₹1,000 அப்பாவுக்கான காப்பீடும்தான் என்று அவரிடம் கணக்காகவே சொல்லிப் பாருங்கள்.

குளியலறைக்கு ஒதுக்கிய ₹20,000-ஐ எதில் போடுவது என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். டைல்ஸை மொத்தமாக மாற்றத் தேவையில்லை. கம்மோடுக்குப் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் சுவரில் துளையிட்டு ஆங்கர் போல்ட் போட்ட ஸ்டீல் கைப்பிடி வேண்டும். துண்டு போடும் கம்பியைப் பிடித்தால் அது கையோடு வரும். ரப்பர் உறிஞ்சியால் ஒட்டும் வகையும் ஈரத்தில் கழன்றுவிடும். கம்மோடுக்கு உயரம் கூட்டும் சீட், உட்கார்ந்து குளிக்க ரப்பர் கால் வைத்த பிளாஸ்டிக் நாற்காலி, கட்டிலிலிருந்து கழிப்பறைவரை இரவு விளக்கு, வெளியிலிருந்து திறக்கக்கூடிய தாழ்ப்பாள். தேய்ந்த ஹவாய் செருப்பையும் ஓரம் சுருண்ட மிதியடியையும் தூக்கிப்போடக் காசு தேவையில்லை.

நின்ற உயரத்திலிருந்து விழுந்தே எலும்பு முறிந்திருப்பதால் எலும்பு பலவீனமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். பலரை வெறும் கால்சியம் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த மறுபரிசோதனையில் டெக்ஸா ஸ்கேன் (எலும்பு அடர்த்தி), வைட்டமின் டி, கிரியேட்டினின் (சிறுநீரகம்) பரிசோதனைகள் பற்றியும், எலும்பை வலுப்படுத்த வருடம் ஒருமுறை போடும் சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி அம்மாவுக்குப் பொருந்துமா என்றும் நீங்களே கேளுங்கள். தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை எடுப்பவர் என்றால் அந்தச் சீட்டையும் காட்டுங்கள். தலைசுற்றி விழுவதற்கு அவையும் காரணமாகலாம்.

அப்பாவுக்குப் புது பாலிசி எடுக்கலாமா? 2024 ஏப்ரலிலிருந்து வயது உச்சவரம்பு கட்டாயமில்லை என்றாலும், இந்த வயதில் பிரீமியம் கடுமையாக இருக்கும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம்வரை காத்திருக்க வைக்கலாம். நான் அதைவிட மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டைக்கே முதலிடம் தருவேன். 70 வயது நிறைந்தவர்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு ₹5 லட்சம் வரை இலவச சிகிச்சை. ஆதார் இருந்தால் பதியலாம். அம்மாவும் சேரலாம், அவருடைய தனியார் பாலிசி தடையில்லை. ஆனால் ₹5 லட்சம் இருவருக்கும் பொதுவானது. கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சியில் எந்த மருத்துவமனை எலும்பு ஆபரேஷனுக்கு இதை ஏற்கிறது என்று இப்போதே விசாரித்து, பெயரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். விழுந்த பிறகு தேட நேரம் இருக்காது. இடுப்பு முறிவு ஆபரேஷன் ஓரிரு நாளுக்குள் நடப்பதுதான் நல்லது. வருடம் ₹20 கட்டும் அரசு விபத்துக் காப்பீட்டை யாராவது சொன்னால், அது 70 வயதோடு முடிகிறது, எலும்பு முறிவு சிகிச்சைக்குப் பணமும் தராது.

நீங்கள் பழைய வருமான வரி முறையில் இருந்தால் ஒரு சிறு லாபம் உண்டு. 80டி என்று அறியப்படும் மருத்துவக் காப்பீட்டு வரிக்கழிவில் மூத்த குடிமக்களான பெற்றோருக்கான உச்சவரம்பு ₹50,000. அம்மாவின் பிரீமியம் போக மிச்சமிருக்கும் வரம்பில், இன்ஷூரன்ஸ் இல்லாத அப்பாவின் மருத்துவச் செலவைக் காட்டலாம். பாலிசி இருப்பதால் அம்மாவின் மருத்துவமனைச் செலவைக் காட்ட முடியாது. அப்பாவின் மருந்துக் கடை பில்லை ரொக்கமாகக் கொடுக்காமல் யுபிஐயில் கட்டுங்கள்.